சோப்புக்குள் சில காரணப்பெயர்கள்

கொழுப்பும் காரமும் கூடிக் கொதித்தால் சோப்பு உண்டாகும் என்பதைப் பண்டையோரே அறிந்திருந்தனர். உள்ளே நிகழ்வது யாதென ஆராய்ந்து, அதன் கூறுகளுக்குப் பெயரும் இட்டவர் பிரெஞ்சு வேதியியலறிஞர் ஷெவ்ரெல் (1786–1889). 1811இல் பன்றிக்கொழுப்புச் சோப்பொன்றை அவர் ஆராய்ந்தபோது, அதிலிருந்து பிரிந்த பொருள் முத்தென மின்னியது. முத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அதனை மார்காரிக் அமிலம் என்றார். ஆட்டுவாடை வீசியதற்கு ஆட்டின் இலத்தீன் பெயரால் காப்ரோயிக் அமிலம். நாவில் இனித்ததற்கு இனிப்பின் பெயரால் கிளிசரின். கண்ணும் மூக்கும் நாவும் சான்றுரைத்த நல்ல காரணப்பெயர்கள் இவை. முத்து மட்டும் சற்றே மிகை எனலாம்.

அந்த முத்துத்தான் நிலைக்கவில்லை. அது பாமிட்டிக், ஸ்டியரிக் அமிலங்களின் கலவையே என்பதை 1850களில் ஹைன்ட்ஸ் காட்டினார். பொருள் போயிற்று, பெயரோ 1869இல் தோன்றிய மார்கரின் என்னும் செயற்கை வெண்ணெயில் போய் ஒட்டிக்கொண்டது.

தேங்காயெண்ணெயின் வழக்கு வேறு. அதன் கொழுப்பமிலங்களுள் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். தேங்காயெண்ணெய்ச் சோப்பு விரைந்து நுரைப்பது அதனால்தான். ஆயினும், 1842இல் மார்சன் அதனை முதலில் கண்டது லாரல் மரத்தின் கனியில். மேலைநாட்டார் கவிஞர்க்கு முடியாய்ச் சூட்டிய இலை அம்மரத்தினது. முதலிற் கண்ட இடம் பெயரைப் பெற்றது. மிகுதியாய் ஈந்த தென்னைக்கு அதில் பங்கில்லை. டோடெக்கனாயிக் அமிலம் என்னும் முறைப்பெயரும் பன்னிரு கரியணுக்களை எண்ணிச் சொல்வதோடு சரி. ஷாம்பு, பற்பசை உறைகளில் அச்சாகும் சோடியம் லாரில் சல்பேட்டிலோ லாரல் இன்றும் இருக்கிறது.