ஃபீட்லாட் மாடுகளின் எடையேற்றமும் சைலேஜின் தரமும்: ஆஸ்திரேலியப் பின்னணியில் ஓர் ஆய்வு

1. களமும் கேள்வியும்

சிட்னிக்கும் மெல்பர்னுக்கும் ஏறத்தாழ நடுவில் வாகா வாகா இருக்கிறது. அதை உள்ளடக்கிய ரிவரினாவும், வடக்கே குயின்ஸ்லாந்தின் டார்லிங் டவுன்ஸும் மாடுகளை அடைப்பில் வைத்துத் தீவனமிட்டுக் கொழுக்கவைக்கும் ஆஸ்திரேலிய ஃபீட்லாட் தொழிலின் முக்கியக் களங்கள். தீவனத்தில் பெரும்பங்கு பார்லி, கோதுமை, சோளம் போன்ற தானியங்கள். காற்றில்லாமல் புளிக்கவைத்த பசுந்தீவனமான சைலேஜ், நீர் நீக்கிய உலர்பொருள் கணக்கில், பல பண்ணைகளில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். இவ்வளவு சிறிய பங்குக்குத் தரம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தரம் கெட்ட சைலேஜால் சத்து குறைவது உண்மைதான். ஆனால் மாடு தின்னும் ஒழுங்கு குலைவதே பெரிய நட்டம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. குழிக்குள்

நறுக்கிய மக்காச்சோளப் பயிரைக் குழியில் இட்டு, டிராக்டரால் மிதித்து, காற்றுப் புகாமல் மூடினால், பாக்டீரியாக்கள் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கும். அமிலகாரநிலை 4-ஐ ஒட்டி இறங்கும். உலர்பொருள் 30-க்கும் 35 சதவீதத்துக்கும் இடையில் இருக்கையில் அறுப்பதே உத்தமம். அதைவிட ஈரமாக இருந்தால் சாறு வடியும். கிளாஸ்ட்ரிடியா என்னும் பாக்டீரியாக்கள் புகுந்து பியூட்ரிக் அமிலத்தை உண்டாக்கும். அதன் நாற்றம் கையை விட்டு எளிதில் போகாது. மிகவும் உலர்ந்துவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் இறுகாது, இடையில் காற்று தங்கிவிடும்.

3. ஈரம் செய்யும் மோசடி

கலவை வண்டியின் தராசுக்குக் கிலோ மட்டுமே தெரியும். 35 சதவீத உலர்பொருள் உள்ள 1,000 கிலோ சைலேஜில் 350 கிலோ தீவனம் இருக்கிறது. குழி முகப்பில் மழை பெய்து அது 28 சதவீதமானால், அதே 1,000 கிலோவில் 280 கிலோதான். சைலேஜ் தரும் நார்ப்பங்கில் ஐந்தில் ஒன்று போய்விட்டது. தராசு அதே எண்ணைத்தான் காட்டுகிறது. தானியத்தின் விகிதம் தானாக ஏறுகிறது. நார் குறைந்தால் அசைபோடுவது குறையும், உமிழ்நீர் குறையும், முதல் இரைப்பையில் அமிலம் தேங்கும். மாடு அன்று தீவனத்தைத் தொட்டியில் விட்டுவைக்கும், மறுநாள் பசியில் அள்ளித் தின்னும், மீண்டும் அமிலம். இந்த ஏற்ற இறக்கத்தில் எடையேற்றம் மந்தப்படுகிறது, கல்லீரலில் சீழ்க்கட்டி வரும் வாய்ப்பும் கூடுகிறது.

பரிகாரம் மிக மலிவு. 100 கிராம் சைலேஜை மைக்ரோவேவில், பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்து, எடை மேலும் இறங்காத நிலை வரும் வரை விட்டுவிட்டு உலர்த்த வேண்டும். எஞ்சிய கிராமே உலர்பொருள் சதவீதம். மழைக்குப் பின் இதைச் செய்யாமல் பழைய கலவைக் குறிப்பையே பின்பற்றுவதைச் சோம்பல் என்றுதான் சொல்ல வேண்டும்.

4. திறந்த முகப்பு

ஆஸ்திரேலியக் கோடையில் காற்றுப்பட்ட முகப்பு விரைவில் சூடேறும்: ஈஸ்ட் லாக்டிக் அமிலத்தைத் தின்கிறது, பிறகு பூஞ்சை வருகிறது. லென்டிலாக்டோபேசில்லஸ் புக்னெரி என்னும் பாக்டீரியாவைச் சேர்த்தால் அசிட்டிக் அமிலம் கூடி ஈஸ்ட் அடங்கும். ஆனால் தினமும் போதிய ஆழத்துக்கு, முகப்பு குலையாமல் வெட்டி எடுக்காத பண்ணைக்கு அதுவும் முழுக் காப்பு ஆகாது. பூஞ்சை பிடித்த பகுதியைத் தனியே ஒதுக்கிவிட வேண்டும், நல்லதோடு கலந்து 'நீர்த்துப் போகச்' செய்யக் கூடாது.