விருப்பத்தின் விலை

ஊதியங் கருதாது, விருப்பம் ஒன்றே காரணமாக ஒரு துறையில் ஈடுபடுவோரை ஆங்கிலேயர் ‘அமெச்சூர்’ என்பர். ‘அன்பு செலுத்துவோன்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு மொழி வழியாக வந்த பெயர் அது. அன்பு செலுத்துவோன் கணக்குப் பார்ப்பதில்லை. எனினும் கணக்கு எழுதப்படாமற் போவதுமில்லை. அத்தகைய கணக்கொன்றை, மோட்டார்ப் பந்தயத்தின் தொடக்ககால வரலாற்றில், புரூக்லண்ட்ஸ் என்னும் ஓடுதளத்தைச் சுற்றி வாழ்ந்தோரின் வாழ்க்கையிலே தெளிவாகக் காணலாம்.

1903ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டம் ஒன்று, பிரித்தானியாவின் வீதிகளில் மணிக்கு 20 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் வண்டி செலுத்துவதைத் தடைசெய்தது. அதே ஆண்டில், பாரிசிலிருந்து மட்றிட் நோக்கி நடைபெற்ற வீதிப் பந்தயம், பல உயிர்களைப் பலிகொண்டமையாற் போர்தோ நகரிலேயே நிறுத்தப்பட்டது. ஓட்டுவதற்கு வண்டியிருந்தும் ஓடுவதற்கு வீதியில்லை என்ற நிலையில், ஹியூ லொக் கிங் என்னும் நிலக்கிழார் தமது சொந்த நிலத்திலேயே பந்தயத்துக்கென ஓர் ஓடுதளம் அமைக்க முன்வந்தார். சறே மாவட்டத்தில் வேபிரிட்ஜ் ஊருக்கு அணித்தாக, ஏறத்தாழ இரண்டே முக்கால் மைல் நீளமும் 100 அடி அகலமும் கொண்டதாய், வளைவுகளிற் கிட்டத்தட்ட 30 அடி உயரத்துக்கு எழுந்து நிற்கும் கொங்கிறீற்றுப் பாதை ஒன்பது மாதங்களுள் எழுந்தது. செலவு ஏறத்தாழ 150,000 பவுண். அதற்கு அவர் கொடுத்த விலை பணம் மட்டுமன்று, உடல்நலமும் கெட்டது. வேலை நடுவழியில் நின்றுவிடாமற் காத்தவர் அவர் மனைவி எதெல். 1907ஆம் ஆண்டு யூன் 17ஆம் நாள், திறப்புவிழா ஊர்வலத்தின் முன்னணியில் வண்டியைச் செலுத்திச் சென்றவரும் அவ்வம்மையாரே.

அவ்விழா முடிந்து இரு வாரங்கள் கழியுமுன், எட்ஜ் என்பார் 24 மணிநேரம் இடைவிடாது வண்டியைச் செலுத்தி 1,581 மைல் தூரங் கடந்தார். உலகம் வியந்தது, அயலார் உறக்கமிழந்தனர். அவர்கள் எழுப்பிய முறைப்பாட்டின் விளைவாக இரவோட்டம் தடைசெய்யப்பட்டது. 1929இல் 24 மணிநேரப் பந்தயம் நடத்த விரும்பியபோது, அதனைப் பன்னிரண்டு மணி வீதம் இரு பகல்களுக்குப் பிரித்தே நடத்த வேண்டியதாயிற்று. ஒருவரின் இன்பம் மற்றொருவரின் துயில் என்னும் உண்மை தொடக்கத்திலேயே புலப்பட்டது.

உயிரின் கணக்கும் விரைவில் வந்தது. 1913ஆம் ஆண்டு பெப்ரவரியில், பெர்சி லம்பேட் என்பார் இவ்வோடுதளத்தில் ஒரு மணிநேரத்துள் 100 மைலுக்கு மேல் ஓடிய முதல் மனிதரானார். அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில், அச்சாதனையை மீண்டும் முயன்றபோது டயர் வெடித்து உயிரிழந்தார். மணஞ்செய்யவிருந்த பெண்ணுக்கு, இனிப் பந்தயத்தைக் கைவிடுவதாக அவர் வாக்களித்திருந்தார் என்பர்.

தந்தையின் விதி மைந்தனையும் தொடர்ந்த கதை லூயி ஸ்பொரொவ்ஸ்கியுடையது. 1903இல், பிரான்சின் லா தூர்பி மலையேற்றப் பந்தயத்தில் அவர் தந்தை மாண்டபோது அவருக்கு வயது எட்டு. பதினாறாம் வயதில் தாயையும் இழந்து, பெருஞ்செல்வத்துக்கு உரியவரானார். அச்செல்வத்தைக் கொண்டு, ஆகாயக்கப்பலுக்கென ஆக்கிய 23 லீற்றர் இயந்திரத்தை மெர்சிடிஸ் அடிச்சட்டமொன்றிற் பொருத்தி அவர் உருவாக்கிய வண்டி, 1921இல் புரூக்லண்ட்ஸில் வெற்றிவாகை சூடியது. ‘சிட்டி பாங் பாங்’ என்ற அதன் பெயரைப் பிற்காலத்தில் இயன் பிளெமிங் எழுதிய சிறுவர் நூல் உலகெங்கும் பரப்பிற்று. ஆனால் அவ்வண்டி 1922இல் பாதையை விட்டு விலகியபோது, நேரங் கணிக்கும் அலுவலர் ஒருவர் கைவிரல்களை இழந்தார் என்பதைச் சிறுவர் அறியார். 1924ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆம் நாள், இத்தாலியின் மொன்சாவில் ஸ்பொரொவ்ஸ்கி தமது 29ஆம் வயதில் மாண்டார். அவர் விட்டுச்சென்ற மற்றொரு பெருவண்டியை 125 பவுணுக்கு வாங்கிய பொறியியலாளர் பரி தோமஸ், 1926இல் அதில் உலக வேகச் சாதனை படைத்தார். 1927 மார்ச்சில், வேல்ஸ் நாட்டின் பெண்டைன் மணற்கரையில் அதே வண்டியில் உயிர்நீத்தார்.

இழப்பே முழுக் கதையாயின் எவரும் பந்தயத்தை நாடியிரார். அதன் பேற்றை அறிய ‘பென்ட்லி இளைஞர்’ எனப் பெயர்பெற்ற குழுவை நோக்கவேண்டும். கம்பனியின் ஊதியம் பெற்ற பிராங்க் கிளெமன்ட் ஒருவரே அவர்களுள் தொழில்முறை ஓட்டுநர். ஏனையோருள் வைத்தியர் ஒருவர், பத்திரிகையாளர் ஒருவர், வைரச் சுரங்கச் செல்வத்தின் வாரிசு ஒருவர் எனப் பலர் இருந்தனர்.

1927ஆம் ஆண்டு, பிரான்சின் லெ மான் நகரில் நடந்த 24 மணிநேரப் பந்தயத்தில், இருள் சூழ்ந்த வேளையில் மூன்று பென்ட்லி வண்டிகளும் ஒரே வளைவில் விபத்துக்குள்ளாயின. மூன்றாவதாக வந்த பத்திரிகையாளர் டேவிஸ், முதலிற் சிதைவுகளிடையே தம் தோழர்களைத் தேடினார். அவர்கள் உயிருடனிருத்தல் தெரிந்த பின்னரே, ஒற்றை விளக்கும் வளைந்த அச்சுமாக எஞ்சிய வண்டியைச் செலுத்தினார். அவரும் வைத்தியர் பென்ஜபீல்டும் மாறிமாறி ஓட்டி மறுநாள் முதலிடம் பெற்றனர். இலண்டனில் நிகழ்ந்த வெற்றி விருந்தில், காயம்பட்ட அவ்வண்டியையும் விருந்தினராக மண்டபத்துக்குள் கொணர்ந்து நிறுத்தினர். பென்ஜபீல்ட் தோழர்க்கு அளித்த விருந்துகளிலிருந்து 1928இல் பிரித்தானியப் பந்தய ஓட்டுநர் கழகம் தோன்றியது. 1952இல் சில்வர்ஸ்டன் பந்தயக் களத்தின் பொறுப்பை ஏற்றதும் அக்கழகமே. இவ்வாறு, தோழமையே அவர்கள் பெற்ற ஊதியம். அதுவே நிலைத்த நிறுவனமாகவும் வளர்ந்தது.

அக்குழுவினர் செலுத்திய விலையும் சிறிதன்று. வாரிசான பர்னாட்டோ 1928, 1929, 1930 ஆகிய மூன்று ஆண்டுகளும் லெ மானில் வென்றார். அவர் பணத்தால் உயிர்த்திருந்த பென்ட்லி கம்பனியோ 1931இல் முறிந்து, ரோல்ஸ் ரொய்ஸின் கைக்கு மாறியது. குழுவின் புகழ்பெற்ற வீரரான சேர் ஹென்றி பேர்க்கின், மனைவியின் பொருட்டு ஒருகாலத்திற் பந்தயத்தைக் கைவிட்டவர், பின்னர் மீண்டார். 1928இல் அம்மணம் முறிந்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே அவர் தம்பி, மான் தீவின் மோட்டார்ச் சைக்கிள் பந்தயப் பயிற்சியில் இறந்திருந்தார். குடும்பச் செல்வமும் கரைந்தது. 1933 மே மாதம் திரிப்பொலியில் மூன்றாமிடம் பெற்ற பேர்க்கினின் கையைச் சூடேறிய புகைக்குழாய் சுட்டது. போர்க்காலத்தில் அவரைப் பற்றிய மலேரியாவும் உடலை வாட்டியிருந்தது. யூன் 22ஆம் நாள், 36ஆம் வயதில் அவர் மறைந்தார். தாயொருத்தி இரு மைந்தரை இத்துறைக்கு ஈந்தாள்.

இப்பேறும் இழப்பும் ஆடவர்க்கு மட்டும் உரியன அல்ல. நெடுங்காலம் தடைப்பட்டு நின்ற மகளிர், 1930களிற் புரூக்லண்ட்ஸில் ஆடவர்க்கு நிகராகத் தோன்றினர். கனடா நாட்டில் பிறந்த கே பெத்றி 1935இல் மணிக்கு 134 மைல் வேகத்தைக் கடந்து அத்தளத்தைச் சுற்றினார். 1937இல், பயிற்சியின்போது மற்றொருவரின் வண்டி மோதியமையாற் படுகாயமுற்று, ஓட்டத்தை விட்டுப் பத்திரிகையாளரானார்.

1939 ஓகஸ்ட் மாதத்துடன் புரூக்லண்ட்ஸின் பந்தயங்கள் ஓய்ந்தன. போர்க்காலத்தில் அங்கு வானூர்திகள் ஆக்கப்பட்டன. பின்னர் அந்நிலம் வானூர்திக் கம்பனியொன்றுக்கு விற்கப்பட்டது. வளைந்துயர்ந்த பாதையின் சில பகுதிகள் இன்றும் நிற்கின்றன. அருகே அரும்பொருட்சாலை ஒன்றும் உண்டு.

இவ்வரலாற்றைக் கேட்போர், அவர்களை வீரரென்று போற்றுவதா, வீணரென்று இகழ்வதா என மயங்கலாம். தம் உயிரையும் தம் பொருளையும் பணயம் வைக்க ஒருவனுக்கு உரிமை உண்டு. ஆனால் இக்கணக்கேட்டைப் புரட்டுமிடத்து, பற்றெழுதப்பட்ட பெயர்கள் ஓட்டுநருடையன மட்டுமல்ல. விரலிழந்த அலுவலர், துயிலிழந்த அயலார், காத்திருந்த பெண், இரு மைந்தரை இழந்த தாய் ஆகியோரும் அதில் உளர். அவர்களிற் பலரை எவரும் கேட்டதில்லை. விருப்பத்தின்பாற் செல்வோன் அவர்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். எண்ணிய பின்னும் செல்வானாயின், இருளில் வண்டியை நிறுத்தித் தோழரைத் தேடிய டேவிஸைப் போலச் செல்க என்பதே இவ்வரலாறு விட்டுச்சென்ற நல்லுரையாகும்.