இ20 பெட்ரோல்: பழைய பைக் ரப்பர் டியூப் தாங்குமா?

அஞ்செட்டி – நாட்றாம்பாளையம் காட்டு ரோட்டில் பெட்ரோல் டியூப் கசிந்தால் வண்டியைத் தள்ள வேண்டியதுதான்.

அந்த டியூப், ஆயில் சீல் எல்லாம் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். பியூட்டாடையீன், அக்ரிலோநைட்ரைல் இரண்டும் சேர்த்து ஆலையில் செய்வது. இயற்கை ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும், இது தாங்கும். அக்ரிலோநைட்ரைல் கூடினால் எண்ணெயை இன்னும் நன்றாகத் தாங்கும், ஆனால் குளிரில் விறைக்கும். வெயிலில் நாள்பட நின்றால் வெடிப்பு விடும்.

இப்போதைய சிக்கல் எத்தனால். 20% எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் சாதாரண நைட்ரைல் கூடுதலாக உப்பும். பழைய வண்டிகளில் 20,000 – 30,000 கி.மீ. ஓடியபின் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம் என 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. பெரிய செலவில்லை.

டியூபை அமுக்கிப் பாருங்க. பிசுபிசுப்பு, வெடிப்பு, பெட்ரோல் வாடை இருந்தா மாத்திடுங்க. கடையில் எத்தனால் தாங்குமான்னு கேட்டு வாங்குங்க.