பந்துவீச்சில் மனக்குவிப்பு

பந்துவீச்சில் மனக்குவிப்பு என்பது, கிரிக்கெட் பந்துவீச்சாளர் தன் கவனத்தையும் மனவேகத்தையும் ஒரு பந்துக்கு வேண்டிய அளவு திரட்டி, அந்தப் பந்து முடிந்ததும் தளர்த்தி, அடுத்த பந்துக்கு மறுபடியும் திரட்டும் திறன். கைத்திறனைப் போலவே இதுவும் பழகிப் பெறுவது. பிறவிக் குணம் என்று கருதி இதைக் கற்றுத்தராமல் விடுவதால், நல்ல கை உள்ள பல இளம் வீரர்கள் நெருக்கடி வந்ததும் தடுமாறுகிறார்கள்.

கவனத்தின் இயல்பு

டெஸ்ட் போட்டியில் ஒரு நாளுக்கு 90 ஓவர். அதில் 25 ஓவர் வீசும் சுழல்பந்து வீச்சாளர் 150 பந்துகள் போடுகிறார். ஓடத் தொடங்குவதிலிருந்து பந்தின் முடிவு தெரியும்வரை 10 விநாடி என்று வைத்துக்கொண்டால், முழுக் கவனம் தேவைப்படும் நேரம் மொத்தம் 25 நிமிடம்தான். ஆட்டமோ சுமார் 6 மணி நேரம் நடக்கிறது. அத்தனை நேரமும் மனத்தை முறுக்கியே வைத்திருப்பவர் மாலைக்குள் களைத்துவிடுவார். நீண்ட நேரம் வீசியும் கூர்மை குறையாதவர்கள் பந்துக்குப் பந்து கவனத்தை ஏற்றி இறக்கத் தெரிந்தவர்கள்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிகளில் இதே ஒழுங்கைக் காணலாம். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரண்டு நாடா என மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. ஒரு பக்கக் கரையைத் துணையாள் பார்த்துக்கொள்கிறார். ஒவ்வொரு முறை ஊடை போகும்போதும் கரை இழையும் உடல் இழையும் கோத்துக்கொள்ள வேண்டும். ஓரிடத்தில் தவறினாலும் சேலையில் தெரியும். நெசவாளர் அப்போது விழும் இழையை மட்டும் பார்க்கிறார். முழுச் சேலையும் அப்படித்தான் வளர்கிறது.

மனவேகத்துக்கும் அளவு உண்டு. கிளர்ச்சி ஓரளவு கூடும்வரை செயல்திறன் கூடும், அதைத் தாண்டினால் குறையும் என்ற கருத்து, யெர்க்ஸ், டாட்சன் ஆகிய இரு உளவியலாளர்கள் 1908இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது. வேகப்பந்து வீச்சாளருக்குச் சற்று உக்கிரம் வேண்டும். விரல் நுட்பத்தை நம்பும் சுழல்பந்து வீச்சாளரை அதே உக்கிரம் கெடுத்துவிடும்.

ஒரு பந்தின் ஒழுங்கு

நடைமுறையில் இது நான்கு படியாக அமைகிறது. ஓட்டம் தொடங்கும் இடமான ‘மார்க்’குக்குத் திரும்பி நடக்கும்போது போன பந்தை ஒருமுறை எண்ணிப் பார்த்து விட்டுவிடுதல் முதல் படி. பேட்ஸ்மேனின் நிற்கும் நிலை, களத்தடுப்பு, காற்று ஆகியவற்றைப் பார்த்து எந்தப் பந்து என்று முடிவெடுத்தல் இரண்டாவது. நின்று மூச்சை விட்டு, தையலில் விரலைப் பொருத்தி, பந்து விழ வேண்டிய இடத்தில் கண்ணை ஊன்றுதல் மூன்றாவது. அதன்பின் ஓட்டம், அப்போது முடிவை மாற்றக் கூடாது. பாதி ஓட்டத்தில் மனம் மாறினால், யார்க்கராக நினைத்தது ஃபுல்டாஸாகப் போகும்.

தமிழ் வீரர்கள்

இலங்கையின் முத்தையா முரளிதரனுக்கு, 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்னில் தொடங்கிய டெஸ்டில், பந்தை எறிகிறார் என்று நடுவர் டேரல் ஹேர் 7 முறை ‘நோபால்’ கொடுத்தார். அரங்கமே பார்க்கத் தம் கையையே சந்தேகத்துக்கு உள்ளாக்கிய அந்த நாளுக்குப் பிறகும் அவர் தம் பந்துவீச்சைக் கைவிடவில்லை. 2010 ஜூலையில் காலியில் இந்தியாவுக்கு எதிராகக் கடைசி டெஸ்ட் ஆட வந்தபோது 792 விக்கெட்டுகள் எடுத்திருந்தார். 799ஆவதாக ஹர்பஜன் சிங் வீழ்ந்தபின் காத்திருப்பு நீண்டது. லட்சுமண் ரன் அவுட் ஆனார்; மிஞ்சியது ஒரே விக்கெட். கடைசி ஜோடி தாக்குப்பிடித்துக்கொண்டிருக்க, அவர் ஓவர் மேல் ஓவராக வீசினார். பிரக்யான் ஓஜா ஸ்லிப்பில் மகேல ஜயவர்தனவிடம் பிடிகொடுத்ததும் எண்ணிக்கை 800 ஆனது. டெஸ்டில் அவர் வீசிய கடைசிப் பந்தும் அதுவே.

ரவிச்சந்திரன் அஸ்வின் சென்னையைச் சேர்ந்தவர். அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த காலவாக்கத்தின் எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் படித்தவர். 106 டெஸ்டுகளில் 537 விக்கெட்டுகள் எடுத்தார். 2024 பிப்ரவரியில் ராஜ்கோட்டில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டின் இரண்டாம் நாள் தம் 500ஆவது விக்கெட்டை எடுத்தவர், குடும்பத்தில் ஏற்பட்ட மருத்துவ அவசரத்தால் அன்றே ஊர் திரும்பினார். நான்காம் நாள் மீண்டும் களமிறங்கிப் பந்துவீசினார். மனத்தின் கனத்தைச் சில நிமிடங்களுக்கேனும் ஓரமாக வைக்கப் பழகியவருக்கே இது இயலும்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் டி. நடராஜன் டென்னிஸ் பந்து ஆட்டங்களில் யார்க்கர் பழகியவர். வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா சென்று, 2020–21 பயணத்திலேயே மூன்று வடிவங்களிலும் இந்திய அணியில் அறிமுகமானார். 2021 மார்ச் 28 அன்று புனேயில் நடந்த ஒருநாள் போட்டியில் இங்கிலாந்துக்குக் கடைசி ஓவரில் 14 ஓட்டங்கள் தேவைப்பட்டன. ஒற்றை ஆளாக ஆட்டத்தைத் திருப்பிய சாம் கரன் களத்தில் நின்றார். நடராஜன் 6 ஓட்டங்களே கொடுத்தார். இந்தியா 7 ஓட்டங்களில் வென்றது. கரன் 95 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் நின்றார்.

குலைவு

அனிச்சையாக நடக்கும் செயலை மனம் கண்காணிக்கத் தொடங்கினால் அது குலையும். நெருக்கடியில் வீரர் தம் மணிக்கட்டையும் காலடியையும் எண்ணிப் பார்க்கும்போது பல ஆண்டுப் பழக்கம் தடைபடுகிறது. இதன் கடும் வடிவத்துக்கு ‘யிப்ஸ்’ என்று பெயர். பந்தை எப்போது விடுவது என்பதே கைக்கு மறந்துபோகும். 2001இல் லார்ட்ஸில் நடந்த இங்கிலாந்து உள்நாட்டு ஒருநாள் இறுதியாட்டத்தில், லெஸ்டர்ஷையரின் ஸ்காட் பாஸ்வெல் வைடுகளாக வீசி ஓர் ஓவரை முடிக்க 14 பந்துகள் எடுத்தார். இதைக் கோழைத்தனம் என்று ஏசுவது தவறு. தசைப்பிடிப்பைப் போல இதற்கும் ஓய்வும் முறையான உதவியும் வேண்டும்.

பயிற்சி

இந்திய அணி 2008 முதல் 2011 உலகக் கோப்பை வரை பேடி அப்டனை மனப்பயிற்சியாளராக வைத்திருந்தது. மாவட்ட அளவில் அத்தகைய வசதி அரிது. ஆனால் தொடக்கப் பயிற்சிக்குச் செலவு இல்லை. ஸ்டம்புக்கு முன்னால் ஒரு செருப்பை வைத்து அதைக் குறிபார்க்கலாம். கடைசி ஓவரில் இத்தனை ஓட்டம் என்று பந்தயம் கட்டி வீசலாம். பவுண்டரி போனபின் அடுத்த பந்துக்கு முன் மூன்று முறை மூச்சுவிடப் பழகலாம். வலையில் அவசர அவசரமாக 60 பந்து போடுவதைவிட, ஒவ்வொன்றுக்கும் மார்க்குக்கு நடந்து திரும்பி 36 பந்து போடுவது மேல். அப்படி நடக்கும் நேரத்தில்தான் மனம் இறங்கி ஏறப் பழகுகிறது.