குடமும் ஏரியும்

செங்கல்பட்டிலிருந்து உத்திரமேரூருக்குப் போகிறவர்கள் வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஊருக்கே காரணமான ஏரியைப் பார்ப்பவர் குறைவு. நம் சரித்திரப் படிப்பும் இப்படித்தான் இருக்கிறது. அந்தச் சுவரில் உள்ள முதல் பராந்தகன் காலத்துச் சாசனங்கள் இரண்டும் (919, 921) 1898இல் படியெடுக்கப்பட்டன. அன்றிலிருந்து அவை பெருமை பேசவே அதிகம் பயன்பட்டிருக்கின்றன. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோதும் பிரதமர் இவ்வூரைக் குறிப்பிட்டார். குடவோலை என்ற ஒரு சொல் கிடைத்ததும் நாம் ஜனநாயகத்தின் மூதாதையர்களாகிவிடுகிறோம்.

பெருமையை ஒதுக்கிவைத்து வாசித்தால் சாசனம் வேறு விதமாகத் தெரிகிறது. உத்திரமேரூர் பல்லவர் காலத்துப் பிரமதேயம். ஏரியின் பெயர் வயிரமேக தடாகம். வயிரமேகன் என்பது தந்திவர்மனின் பட்டப்பெயர். வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்கள் கொட்டுகிற மழையைத் தேக்கினால்தான் இங்கே நெல் உண்டு. நீரோடு வண்டலும் வந்து சேரும். தூர் எடுக்காத ஏரி நாளடைவில் மேடாகிவிடும். இதற்காகச் சபையிடம் பொன்னை முதலாக வைத்து, அதன் வட்டியில் தூர் எடுக்க ஏற்பாடு செய்த தானங்கள் பல்லவர் காலத்திலேயே உண்டு. முதல் கரையக் கூடாது, மண்ணும் வாரப்பட வேண்டும். வங்கியில் உட்கார்ந்து பிழைக்கிறவனுக்கு இது விளங்குவதில் சிரமமில்லை. பிறர் பொன் கையில் இருக்கிற இடத்தில் முதல் பிரச்னை கணக்குத்தான்.

921ஆம் ஆண்டுச் சாசனத்தின்படி 30 குடும்புகளிலும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பிக்க வேண்டும். இப்படி வந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தில் விழக் கூடாது. அவனுடைய நெருங்கிய உறவினர்கள் பெயரும் கூடாது. கடந்த மூன்று வருஷங்களுக்குள் வாரியம் செய்தவனுக்கும் இடமில்லை. திறமைசாலியைக் கண்டுபிடிக்கும் முறையாக இது தோன்றவில்லை. எவனும் கணக்கின் மேல் நிரந்தரமாக உட்கார்ந்துவிடக் கூடாது என்ற பயமே இதில் தெரிகிறது.

அந்தப் பயம் மதிக்கத் தக்கது. ஆனால் அது யாருடைய பயம்? ஓலையில் பெயர் ஏற வேண்டுமானால் இறை செலுத்தும் கால் நிலத்துக்கு மேல் சொந்தமாக வேண்டும். தன் மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் வல்லவனுக்கு அரைக்கால் நிலமே போதும். கல்வி நிலத்தின் குறையை ஈடு செய்தது; உழைப்பு ஈடு செய்யவில்லை. ஏரியில் இறங்கி மண் வாரிய நிலமற்றவனின் பெயர் எந்தக் குடும்பின் ஓலையிலும் ஏற வழியில்லை.

1830இல் மெட்காஃப் இந்தியக் கிராமங்களைச் சிறு குடியரசுகள் என்று வர்ணித்தார். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் இம்மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கை, நிலம் அவர்கள் கைக்குப் போகாதபடி மிராசுதாரர்கள் தடுத்ததைச் சொன்னது. 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலங்கள் என்று பெயர் பெற்ற அவற்றில் பலவும் பின்னால் கைமாறின. மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் அத்தகைய நிலத்தை மீட்கப் போராடியவர்கள் மீது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. இருவர் இறந்தனர்.

பத்தாம் நூற்றாண்டையும் இதையும் ஒரே கோட்டில் இழுத்துவிட முடியாது. இடையில் விஜயநகரமும் நவாபும் கம்பெனியும் இருக்கின்றன. ஆனாலும் நிலமே ஒருவனுடைய பெயருக்கு ஆதாரம் என்கிற பிரச்னை பழையதுதான். 1950இன் அரசியல் சட்டம் வாக்குக்கு நிலத்தைத் தகுதியாகக் கேட்கவில்லை. குடவோலையைப் பற்றிப் பேசும்போது இந்த முறிவை நாம் சொல்லாமல் விடுகிறோம். அந்தச் சுவரிடமிருந்து இன்று நாம் பெற வேண்டியது கணக்குக் கேட்கும் வழக்கத்தை மட்டும்தான். கேட்பவன் யாராக இருக்க வேண்டும் என்பதை அந்தச் சபையால் நமக்குச் சொல்லித்தர முடியாது.