தேய்பிறையில் காயடித்தால் ரத்தம் குறைவாக வருமா?

காளைக்கன்றுக்குக் காயடிக்க வேண்டும். கத்தி ரெடி, பிடித்துக்கொள்ள ஆளும் ரெடி. ஆனால் அந்தக் காலத்து அமெரிக்க மலைநாட்டு விவசாயி முதலில் பார்த்தது கன்றை அல்ல, சுவரில் ஆணியில் தொங்கிய ஆல்மனாக்கை! நம்மூர் பஞ்சாங்கம் மாதிரிதான் அதுவும். நிலா இன்று எந்த ராசியில் இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் மற்ற வேலை.

இந்த நம்பிக்கை அமெரிக்காவில் பிறந்ததல்ல. வேர் ரோமாபுரியில் இருக்கிறது. கி.மு. 37 வாக்கில் வர்ரோ எழுதிய விவசாய நூலில் ஒரு பாத்திரம் வருகிறது. ஆட்டுக்கு மயிர் கத்தரிப்பது மட்டுமல்ல, தன் தலைமுடியை வெட்டுவதும் நிலாவைப் பார்த்துத்தான் என்கிறது அது. தேய்பிறையில் வெட்டினால் வழுக்கை விழுந்துவிடுமாம்! சுமார் நூறு ஆண்டுகள் கழித்து மூத்த பிளினி தன் 'இயற்கை வரலாறு' நூலில் இன்னும் தெளிவாகச் சொல்கிறார்: பன்றி, காளை, செம்மறிக் கடா, வெள்ளாட்டுக் கடா எல்லாவற்றுக்கும் தேய்பிறையில்தான் காயடிக்க வேண்டும், கோழியை அடை வைப்பது மட்டும் அமாவாசையில்.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. நிலா வளர்ந்தால் உயிர்களின் உடலில் ஈரமும் ரத்தமும் ஏறும், தேய்ந்தால் இறங்கும். கடல் அலையே நிலாவோடு ஏறி இறங்கும்போது ரத்தம் ஏறாதா என்று அவர்கள் நினைத்தது அவ்வளவு முட்டாள்தனமும் அல்ல.

இதோடு ராசியும் சேர்ந்துகொண்டது. தலைக்கு மேஷம், இதயத்துக்குச் சிம்மம், பிறப்புறுப்புக்கு விருச்சிகம், பாதத்துக்கு மீனம் என்று உடலைப் பன்னிரண்டாகப் பிரித்தார்கள். முதல் நூற்றாண்டில் மனிலியஸ் எழுதிய ஜோதிட நூலிலேயே இப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. நிலா எந்த ராசியில் நிற்கிறதோ, அந்த உறுப்பில் கத்தி வைக்கக் கூடாது. இடைக்கால ஐரோப்பாவில் வைத்தியர்கள் நோயாளியின் ரத்தத்தை வடிப்பதற்குக் கூட இதைத்தான் பார்த்தார்கள். அப்படியானால் விருச்சிகத்தில் நிலா நிற்கும் இரண்டரை நாளில் எந்தக் கன்றுக்கும் காயடிக்க முடியாது. நிலா முழங்கால், பாதம் என்று கீழே இறங்கட்டும் என்று காத்திருப்பார்கள்.

அச்சு இயந்திரம் வந்ததும் இது வீட்டுக்கு வீடு போனது. ராபர்ட் பி. தாமஸ் 1792ல் தொடங்கிய 'ஓல்டு ஃபார்மர்ஸ் ஆல்மனாக்' காயடிக்க நல்ல நாட்களை நம் காலத்திலும் பட்டியல் போட்டுத் தந்திருக்கிறது.

ஏன் இவ்வளவு பயம்? காரணம் இருந்தது. ஒரு கன்று செத்தால் அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய அடி. புண் வீங்கும், சீழ் வைக்கும், சில நாளில் உடல் விறைத்துச் செத்துப்போகும். கிருமி என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலம் அது. லிஸ்டர் கிருமிநாசினி முறையை வெளியிட்டது 1867ல். டெட்டனஸ் கிருமியைக் கிடாசாடோ தனியே பிரித்தெடுத்தது 1889ல். அதுவரை சாவுக்கு ஒரு காரணம் வேண்டுமே! "நாள் சரியில்லை" என்பது கையில் கிடைத்த காரணம்.

ஆனால் தெற்கு அமெரிக்க மாநிலங்களில் உண்மையான எதிரி வேறு. ஸ்க்ரூவேர்ம் என்ற ஈ! காயடித்த புண், கொம்பு எடுத்த புண், சூடு போட்ட புண், பிறந்த கன்றின் தொப்புள் என்று எங்கே கிடைத்தாலும் ஓரத்தில் நூற்றுக்கணக்கில் முட்டை போடும். புழுக்கள் உயிருள்ள சதையையே தின்னும். டெக்சாஸ் பண்ணைக்காரர்கள் இதைக் கவனித்து, ஈ குறைந்த குளிர்மாதங்களுக்கு இந்த வேலைகளைத் தள்ளி வைத்தார்கள். இதுவும் ஒரு நாள் பார்த்தல்தான். ஆனால் இது பலித்தது!

வித்தியாசத்தைக் கவனியுங்கள். தேய்பிறை மாதாமாதம் வரும், ஈ மொய்க்கும் ஆகஸ்டிலும் வரும். அந்த விதிக்கு வெயில்காலமும் குளிர்காலமும் ஒன்றுதான். கன்று பிழைத்தால் ஆல்மனாக்குக்குப் பெருமை. செத்தால் ராசியைத் தப்பாகப் பார்த்துவிட்டோம் என்று சமாதானம். இப்படிப்பட்ட விதி எப்போதுமே தோற்காது.

அந்த ஈயை வென்றது எட்வர்ட் நிப்ளிங், ரேமண்ட் புஷ்லாண்ட் என்ற இருவரின் யோசனை. பெண் ஈ வாழ்நாளில் ஒரே முறைதான் இணை சேரும். அதனால் ஆண் ஈக்களைக் கதிர்வீச்சால் மலடாக்கிப் பறக்கவிட்டால் முட்டை பொரியாது. 1954ல் குராசாவ் தீவில் ஈ ஒழிந்தது, பிறகு ஃபுளோரிடா, 1966ல் அமெரிக்கா முழுக்க ஒழிந்ததாக அறிவிப்பு. அதன் பிறகும் சில முறை தலைகாட்டியது. 2023ல் பனாமாவில் மறுபடி பெருகி, 2024 நவம்பரில் மெக்சிகோவுக்குள் வந்துவிட்டது.

நிலாவைப் பார்த்த விவசாயியைக் கேலி செய்வது சுலபம். அவர் தன் மாட்டின் மேல் அக்கறை இல்லாமலா நாள் பார்த்தார்? அக்கறை அதிகம் என்பதால்தான் பார்த்தார். பாவம், பழியெல்லாம் நிலாவின் மேல் விழுந்ததில், கழுவாத கத்தி இரண்டாயிரம் ஆண்டுகள் தப்பித்துக்கொண்டது!