முழங்கால் பேக்கேஜ்

போன வருஷம் அம்மாவை மயிலாடுதுறையிலிருந்து புனேவுக்குக் கூட்டி வந்து முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தோம். பேக்கேஜில் ஐந்து நாள். நாற்பதாவது நாள் தையல் போட்ட இடத்தில் சீழ். மறுபடி அட்மிட் செய்து, திறந்து கழுவினார்கள். பில் தனி. "பேக்கேஜ் முடிந்துவிட்டது சார்" என்றார்கள் (இந்தியில்தான்). அம்மா, "நான் வராமலே இருந்திருக்கலாம்ப்பா" என்றாள். நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். காசு வாங்கியவருக்கு எத்தனை நாள் பொறுப்பு என்ற கேள்வி மண்டையைக் குடைந்தது. ராத்திரிகளில் உட்கார்ந்து படித்தேன்.

கேள்வி ரொம்பப் பழசு. சுமார் 3750 வருஷத்துக்கு முந்தைய ஹம்முராபியின் சட்டக்கல்லிலேயே இருக்கிறது. உடைந்த எலும்பைக் குணப்படுத்தினால் வைத்தியருக்கு மேல்குடி மனிதர் தரவேண்டியது 5 ஷெக்கல் வெள்ளி. அடிமை என்றால் எஜமான் 2 ஷெக்கல். கத்தி வைத்து மேல்குடி ஆள் செத்தால் வைத்தியரின் கை போய்விடும். (அந்த அளவுக்கு நான் கேட்கவில்லை!)

என்னை நிறுத்தியவர் பாஸ்டனில் இருந்த எர்னஸ்ட் காட்மன். தோள்பட்டை வைத்தியத்தில் பெரிய பெயர். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை போட்டு, ஒரு வருஷம் கழித்து எப்படி இருக்கிறார் என்று பார்க்க வேண்டும், சர்ஜனுக்குப் பதவி உயர்வு அதை வைத்துத்தான், சீனியாரிட்டியால் அல்ல என்றார். 1914-இல் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையை விட்டு விலகினார். தன் சொந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் 1911 முதல் 1916 வரை பார்த்த 337 பேரில் 123 பிழைகள் என்று தானே அச்சிட்டார். எந்த ஆஸ்பத்திரி இன்று இதைச் செய்யும்? 1940-இல் இறந்தார். கல்லறைக்குப் பெயர்க்கல் வைத்ததே 2014-இல்தான்.

1987-இல் மிச்சிகனின் லான்சிங் நகரில் ஒரு எலும்பு சர்ஜனும் ஆஸ்பத்திரியும் சேர்ந்து முழங்கால், தோள் ஆபரேஷனுக்கு ஒரே விலை சொன்னார்கள். இரண்டு வருஷத்துக்குள் அதே தொந்தரவு வந்தால் மேற்கொண்டு காசு இல்லை.

பிறகு அரசே இறங்கியது. அமெரிக்க முதியோர் காப்பீடான மெடிகேர், 2016 ஏப்ரலில் 67 நகரப் பகுதிகளில் இடுப்பு, முழங்கால் மாற்றுக்கு ஒரு இலக்குத் தொகை வைத்தது. ஆபரேஷன் முதல் வீடு திரும்பி 90 நாள் வரை, பிசியோ, மறு அட்மிஷன் எல்லாம் அதற்குள். மிச்சமானால், தரமும் இருந்தால், ஆஸ்பத்திரிக்குப் பங்கு. மீறினால் திருப்பிக் கட்டவேண்டும். 2024 டிசம்பரோடு அது முடிந்தது. அடுத்து 'டீம்' என்ற திட்டம். அதில் பொறுப்பு 30 நாள்.

அம்மாவுக்குச் சீழ் வந்தது நாற்பதாவது நாள். இப்போது மாடிப்படி ஏறுகிறாள், ஒவ்வொன்றாக.